போலீஸ் நிலையத்துக்கும் ஒரு திண்ணை வேண்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நவீனமான, சுற்றுச்சூழலுக்கு உகந்த அக்கம்பக்கப் போலீஸ் நிலையம் எப்படி அமைய வேண்டும் என்பதுதான் இன்றைய தலைப்பு. ‘இது கட்டடக் கலைஞர்கள் பேச வேண்டிய விஷயம், தொலைக்காட்சி அறிவிப்பாளருக்கு இதில் என்ன வேலை?’ என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கட்டடத்துக்கும் வரலாறு உண்டு. அதிலும் பேராக் மாநிலத்தில் போலீஸ் நிலையத்தின் வரலாறு, தோட்டப்புறத் தமிழரின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. அதைத் தெரிந்துகொண்டால்தான் நாளைய நிலையத்தை எப்படிக் கட்டச் சொல்வது என்பது நமக்குத் தெரியும்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். போலீஸ் நிலையத்தை நாம் ‘பாலாய்’ என்கிறோம். மலாய் மொழியில் பாலாய் என்றால் மக்கள் கூடும் மண்டபம். பழைய மலாய் பாலாய்கள் பெரும்பாலும் கூரையும் தூண்களும் கொண்ட திறந்த கூடங்கள். இன்றும் கம்பத்தில் பொதுமக்கள் கூடும் இடம் ‘பாலாய் ராயா’தானே? சொல்லின் பொருள் இப்படித் திறந்த மனதோடு இருக்கும்போது, பாலாய் என்றவுடன் நம் பாட்டிமார்களுக்கு வயிற்றைக் கலக்கியது ஏன்? பதில் வரலாற்றில் இருக்கிறது.

கோட்டையில் பிறந்த படை

பேராக்கில் நவீனப் போலீஸ் படை பிறந்தது லாருட் ஈயச் சுரங்கச் சண்டைகளின் நடுவில். பினாங்கில் போலீஸ் அதிகாரியாக இருந்த கேப்டன் ஸ்பீடி, 1873இல் அந்த வேலையை விட்டுவிட்டு, லாருட்டை ஆண்ட ஙா இப்ராஹிமுக்காக இந்தியாவுக்குப் போனார். அங்கிருந்து சீக்கியர், பட்டாணியர் அடங்கிய 110 பேரைத் திரட்டிக்கொண்டு திரும்பினார். மறு ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஸ்பீடி துணை ரெசிடெண்ட் ஆனார். அவர் கொண்டுவந்த ஆட்களே பேராக் ஆயுதப் போலீசின் கருவானார்கள்.

திருடனைப் பிடிக்கவோ, புகார் எழுதிக்கொள்ளவோ உருவான படை அல்ல இது. சண்டையை அடக்கி, சுரங்கத்தையும் வரி வசூலையும் காக்க வந்த படை. ஆகவே அதன் இருப்பிடமும் பாசறை போலவே அமைந்தது. மக்கள் உள்ளே வர வேண்டும் என்பதைவிட, எதிரி உள்ளே வரக்கூடாது என்பதே முதல் கவலை.

ஆனாலும் அந்தக் காலத்துக் கட்டடங்களில் ஒரு நல்ல குணம் இருந்தது. தைப்பிங், பத்து காஜா, ஈப்போ ஆகிய ஊர்களில் எஞ்சியிருக்கும் பழைய அரசாங்கக் கட்டடங்களைக் கவனித்துப் பாருங்கள். உயரமான கூரை, ஆழமான வராந்தா, பலகைச் சிறகு வைத்த சன்னல்கள், சுவரைத் தாண்டி நீளும் தாழ்வாரம். மின்விசிறி பரவாத காலத்தில் வெயிலையும் மழையையும் சமாளிக்கக் கற்றுக்கொண்ட வழிகள் இவை. கடைவீதி அஞ்சடியும், மலாய் வீட்டின் முன்கூடமும், நம் ஊர்த் திண்ணையும் செய்த வேலையை அந்த வராந்தாக்களும் செய்தன. அங்கே வெயிலுக்கு ஒதுங்கலாம், காத்திருக்கலாம், பேசலாம்.

தோட்டத்தில் துரையே போலீஸ்

சரி, ரப்பர் தோட்டங்களில் நிலைமை என்ன? 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக் எங்கும் தோட்டங்கள் பரவின. காலைப் பெரட்டிலிருந்து இரவு விளக்கணைப்பது வரை லயத்து வாழ்க்கையை நடத்தியவர்கள் துரையும் கிராணியும் தண்டலும்தான். புருஷன் பெண்டாட்டி சண்டையும் களவும் கள்ளுக்கடைத் தகராறும் தோட்ட ஆபீஸ் வாசலிலேயே தீர்ந்தன, அல்லது அமுக்கப்பட்டன. போலீஸ் வந்தால் அது பெரும்பாலும் துரை கூப்பிட்டதால்தான் வந்தது. தொழிலாளி தானாகப் போய்ப் புகார் கொடுக்கும் இடமாக பாலாய் அவன் மனதில் பதியவே இல்லை.

ஜப்பானியர் காலம் இந்த அச்சத்தை இன்னும் கூட்டியது. பாப்பான் சிற்றூரில் கெரில்லாப் போராளிகளுக்கு மருத்துவம் பார்த்த சிபில் கார்த்திகேசுவை, 1943இல் பிடித்து ஈப்போவிலும் பத்து காஜா சிறையிலும் வைத்துச் சித்திரவதை செய்தது கெம்பெய்தாய். அந்த அம்மையார் 1948 ஜூன் 12ஆம் தேதி காலமானார். அடுத்த நான்காம் நாள் பேராக்கில் இன்னொரு இருண்ட காலம் தொடங்கியது.

முள்வேலியின் காலம்

1948 ஜூன் 16ஆம் தேதி காலை. சுங்கை சிப்புட் அருகே எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் ஐரோப்பியர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 18ஆம் தேதி நாடெங்கும் அவசரகாலம் அமலானது. 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் அது நீடித்தது.

பிரிக்ஸ் திட்டத்தின்படி ஐந்து லட்சம் பேர் அளவில் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். வாசலில் சோதனை, இரவில் ஊரடங்கு, அரிசிக்கு அளவு. வெளிக்காட்டுக்கு மரம் வெட்டப் போகிறவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூட நினைத்தபடி எடுத்துச் செல்ல முடியாது. போலீஸ் நிலையங்களும் மணல் மூட்டைக்கும் கம்பி வேலிக்கும் பின்னால் போயின. அதற்குக் காரணமும் இருந்தது. 1950 பிப்ரவரி 23ஆம் தேதி ஜோகூரின் புக்கிட் கெப்போங்கில், ஆற்றோரத்து மரப்பலகைப் போலீஸ் நிலையம் தாக்கி எரிக்கப்பட்டது. போலீஸ்காரர்கள் மட்டுமல்ல, அவர்களின் குடும்பத்தாரும் மாண்டார்கள். அந்தத் தியாகத்தை நாம் மறக்கக்கூடாது.

ஆனால் அவசரகாலம் முடிந்த பிறகும் வேலி மனதில் நின்றுவிட்டது. உயர்ந்த மதில், இரும்புக் கேட், சின்னச் சன்னல், உள்ளே உயரமான கவுண்டர் என்பதே போலீஸ் நிலையத்தின் அடையாளமாக நம் கண்ணில் பதிந்தது.

கதவைத் திறக்க நடந்த முயற்சிகள்

முள்வேலிக் காலத்திலேயே இதை மாற்ற ஒருவர் முயன்றார். லண்டன் மாநகர்ப் பகுதிப் போலீஸ் தலைவரான ஆர்தர் யங் 1952இல் மலாயாவுக்கு வந்தார். போலீஸ்காரர் மக்களுக்குச் சேவகர் என்ற எண்ணத்தை வளர்க்க, அவ்வாண்டு இறுதியில் ‘ஆப்பரேஷன் சர்வீஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். சுதந்திரத்துக்குப் பின், போலீஸ் படைத் தலைவர் முகமது சாலே இஸ்மாயிலின் பெயரால் ‘சாலே முறை’ என்னும் அக்கம்பக்கக் காவல் திட்டம் வந்தது. 1975இல் ருக்குன் தெத்தாங்கா பிறந்தது.

அண்டை நாட்டையும் பாருங்கள். ஜப்பானின் ‘கோபான்’ எனும் தெருமுனைக் காவல் கூடத்தைப் பின்பற்றி, 1983இல் சிங்கப்பூர் தோ பாயோவில் அக்கம்பக்கப் போலீஸ் சாவடியைத் திறந்தது. தமிழ்நாட்டில் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியது. யாரிடம் பேசுகிறோம், எந்த இடத்தில் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தே பெண்களின் புகார் வெளிவரும் என்ற உண்மையை அது ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில் துன் முகமது சைடின் அப்துல்லா தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005இல் 125 பரிந்துரைகளை வழங்கியது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கச் சுயேச்சையான ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. அந்தப் பரிந்துரை முழு வடிவில் நிறைவேறவில்லை. தற்போதுள்ள போலீஸ் நடத்தை ஆணையம் 2023 ஜூலையில்தான் செயல்படத் தொடங்கியது. தடுப்புக் காவலில் மரணம் என்ற செய்தி வரும்போதெல்லாம் நம் சமுதாயம் பதறுவது ஏன் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

இதற்கிடையே தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, தாமான்களாயின. துரையும் தண்டலும் இல்லாத இடத்தில், அடுக்குமாடியிலும் மலிவு வீட்டிலும் குடியேறிய தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதன்முறையாகப் போலீஸ் நிலையமே நேரடிப் புகலிடம். குண்டர் கும்பல், குடும்ப வன்முறை, வட்டி முதலைகளின் மிரட்டல் என எதற்கும் அங்கேதான் போக வேண்டும். நிகழ்ச்சிக்காக ஊர் ஊராகப் போகும்போது நான் அடிக்கடி கவனிப்பது இது: துணைக்கு ஓர் ஆள் இல்லாமல், பெரும்பாலும் கட்சிக்காரரோ கோயில் தலைவரோ இல்லாமல், நம்மவர்கள் அந்தப் படியேறத் தயங்குகிறார்கள்.

பசுமையும் நம்பிக்கையும்

இங்கேதான் சுற்றுச்சூழல் வருகிறது. வெப்பத்தைத் தணிக்கும் அமைப்பும் மக்களின் அச்சத்தைத் தணிக்கும் அமைப்பும் பெரும்பாலும் ஒன்றுதான்.

குளிரூட்டி ஓட வேண்டுமானால் கதவைச் சாத்த வேண்டும். காற்று ஓட வேண்டுமானால் திறக்க வேண்டும். ஈப்போ நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் இருக்கும் ஊர். நடுப்பகல் வெயில் கூரை மேல் விழும், காலை மாலை வெயில் கிழக்கு மேற்குச் சுவர்களில் அறையும். ஆகவே கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீட்டி, சன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வைத்து, கூரைக்கு வெப்பத் தடுப்புப் போட்டு, சுற்றிலும் தாழ்வாரம் இறக்கினால் பாதி வேலை முடிந்தது. முன்கூடம் திறந்த திண்ணையாக இருக்கட்டும். கணினி அறைக்கும், புகாரைத் தனிமையில் சொல்லும் அறைக்கும் மட்டும் குளிரூட்டி போதும்.

முடியாத காரியமில்லை. புத்ராஜெயாவில் 2004இல் எழுந்த ‘லியோ’ கட்டடம், சாதாரண அலுவலகத்துக்கு ஆகும் மின்சாரத்தில் பாதிக்கும் குறைவாகவே செலவழிக்கிறது. 2009 முதல் நம் நாட்டுக்கென்று பசுமைக் கட்டடக் குறியீடும் இருக்கிறது. கூரையில் சூரியத் தகடு வைக்கலாம். மழைக்குப் பேர்போன மாநிலத்தில், ரோந்து வண்டி கழுவவும் கழிவறைக்கும் குழாய் நீர் எதற்கு? தொட்டியில் பிடித்த மழைநீர் போதுமே.

இன்னொன்று, சிமெண்டு. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 7 விழுக்காடு சிமெண்டுத் தொழிலால் வருகிறது. சிமெண்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக் கல் எங்கிருந்து வருகிறது? கிந்தா பள்ளத்தாக்கில் கண்ணெதிரே தேயும் மலைகளைப் பாருங்கள். முருகன் குடியிருக்கும் குனோங் சீரோவும் அதே வகை மலைதான். எனவே பழைய கடைவீட்டையோ, காலியாகக் கிடக்கும் அரசாங்கக் கட்டடத்தையோ புதுப்பித்து நிலையமாக்குவதே முதல் பசுமை வேலை. உள்ளே மேசை நாற்காலிகளை ரப்பர் மரத்தில் செய்யலாம். ஒரு காலத்தில் விறகாய்ப் போன அந்த மரம் இன்று ஏற்றுமதித் தளவாடமாகிறது.

பாதுகாப்பு என்னாவது என்று கேட்பீர்கள். 2024 மே மாதம் உலு திராம் போலீஸ் நிலையத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டதை மறந்து யாரும் பேச முடியாது. அதனால்தான் கட்டடத்தை அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும். முன்னே திண்ணை, அடுத்து அலுவலகம், கடைசியில் ஆயுத அறை என்று அமைந்தால் முதல் அடுக்கு ஊருக்குச் சொந்தம், கடைசி அடுக்குக்கு இரட்டைப் பூட்டு.

லாக்காப்பை மறந்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே அர்த்தமில்லை. கூரையில் சூரியத் தகடு மின்ன, உள்ளே கைதி இருட்டிலும் புழுக்கத்திலும் கிடந்தால் அது பசுமை நிலையம் ஆகாது. லாக்காப் விதிகள் 1953இல் எழுதப்பட்டவை, அதாவது முள்வேலிக் காலத்தவை. காற்று, வெளிச்சம், கேமரா, மருத்துவர் பார்க்க ஓர் அறை ஆகியவை கட்டட வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கட்டடம் மட்டும் மனிதரைத் திருத்திவிடாதுதான். ஆனால் யாரும் பார்க்க முடியாத அறை தவறுக்கு வசதி செய்து கொடுக்கிறது.

உங்கள் தாமானில் புதிய நிலையமோ சாவடியோ வரப்போகிறது என்று தெரிந்தால், குடியிருப்பாளர் சங்கமும் கோயில் நிர்வாகமும் ருக்குன் தெத்தாங்காவும் ஒன்றுகூடி வரைபடத்தைக் கேளுங்கள். காத்திருக்க நிழல் உண்டா? பெண்கள் தனியாகப் பேச அறை உண்டா? சக்கர நாற்காலி ஏறுமா? லாக்காப்பில் சன்னல் எங்கே? திறப்பு விழாவுக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை. வரைபடம் தாளில் இருக்கும்போதே கேட்க வேண்டும். அப்போதுதான் நாளை ஒரு தோட்டத்து அம்மா, துணைக்கு யாரையும் தேடாமல், தன் காலாலேயே பாலாய்ப் படியேறுவார்.