சீனி வாங்கித் தந்த காலம்: மும்பைச் சமையலறையில் சீமையத்திப் பழப்பாகு

சீமையத்திப் பழத்துக்குப் பொறுமை கிடையாது. மாங்காயைப் பறித்து வைக்கோலில் பழுக்க வைக்கலாம். வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கலாம். சீமையத்தியோ மரத்திலேயே பழுத்தாக வேண்டும். பறித்தபின் அதில் இனிப்பு ஏறாது. பறித்த பழம் கோடை வெப்பத்தில் இரண்டு நாள் தாங்கினால் அதிகம். மூன்றாம் நாள் தோல் வெடித்துப் புளித்த வாடை எழும். மும்பை மாட்டுங்கா சந்தையில் ஒரு கூடைப் பழம் வாங்கும் குடும்பம் அன்றே பாதியைத் தின்றுவிட்டு, மீதியை என்ன செய்வது என்று அன்றே முடிவு செய்தாக வேண்டும். பழப்பாகு, அதாவது ஜாம், இந்த நெருக்கடிக்குக் கண்ட விடை.

மும்பைத் தமிழர் வீடுகளில் காய்ச்சப்படும் ஜாமை ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பழக்கம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. பெயர் ஆங்கிலத்தினுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜாம் என்பது அடிப்படையில் கெட்டுப்போகும் பழத்துக்குக் காலம் வாங்கிக் கொடுக்கும் வேலை. அந்தக் காலத்தை எது வாங்கித் தந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்டால், ஒரு சிறிய கண்ணாடிப் புட்டியின் வரலாறு இரயில் பாதைக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் பங்கீட்டு அட்டைக்கும் நீள்கிறது.

முதலில் பழத்தின் பெயர். தமிழ்நாட்டின் ஆற்றங்கரைகளில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி வேறு. மேற்காசியாவிலிருந்து வந்த சீமையத்தி வேறு. நாட்டு அத்தியைச் சங்க இலக்கியம் ‘அதவம்’ என்று அறியும். குறுந்தொகையின் 24ஆம் பாடலில் பரணர், ஊராரின் பழிச்சொல்லால் குழைந்துபோகும் பெண்ணின் நிலைக்கு, ஆற்றோரம் நண்டுகள் மிதித்த அதவம் பழத்தை உவமையாக்குகிறார். நைந்து கூழாகும் பழம் என்ற அடையாளம் அத்தி இனத்துக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் பதிந்துவிட்டது. சீமையத்திக்கு மராத்தியில் வழங்கும் பெயர் ‘அஞ்சீர்’. பாரசீகத்திலிருந்து வந்த சொல். மும்பைத் தமிழர் நாவிலும் அதுவே நிலைத்துள்ளது.

மும்பைக்கு வரும் பழத்தின் தாயகம் புணே மாவட்டத்தின் புரந்தர் வட்டாரம். சகியாத்ரி மலையின் மழைமறைவில் கிடக்கும் வறண்ட மேட்டுநிலம் அது. ஈரம் மிகுந்த கொங்கணக் கரையில் வெடித்து அழுகும் பழம் அங்கே நன்கு கனிகிறது. ஆண்டில் இரு பருவங்கள். மழைக்காலத்துக் காய்ப்பைப் புளிப்புப் பருவம் என்ற பொருளில் ‘கட்டா பஹார்’ என்றும், கோடைக் காய்ப்பை இனிப்புப் பருவம் என்ற பொருளில் ‘மீட்டா பஹார்’ என்றும் உழவர் அழைப்பர். புரந்தர் அத்திக்கு 2016இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இரண்டு நாள் ஆயுள் கொண்ட பழத்துக்கும் பம்பாய்க்கும் இடையே போர் மலைத்தொடர் நின்றது. கண்டாலா–புணே இரயில் பாதை 1858இல் திறக்கப்பட்டது. மலைச்சரிவில் அமைந்த போர் காட் பாதை 1863இல் இயங்கத் தொடங்கியது. அதன்பின் புணேயில் ஏற்றிய கூடை ஒரே நாளில் பம்பாய் வந்து சேர வழி பிறந்தது. 1869இல் எழுந்த கிராஃபோர்டு சந்தை இந்தப் புதிய வேகத்தின் மறுமுனை. 1990களில் பழ மொத்த வணிகம் நவி மும்பையின் வாஷிக்குப் பெயர்ந்தது. பழத்தின் அவசரம் மாறவில்லை. இரயில் வாங்கித் தந்தது ஒரு நாள். மீதிக் காலத்தைச் சமையலறைதான் வாங்க வேண்டியிருந்தது.

அந்தச் சமையலறை மாட்டுங்காவில் அமைந்ததற்கும் காரணம் உண்டு. 1896இன் கொள்ளைநோய்க்குப் பின் 1898இல் உருவான பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளை வகுத்து விரிவாக்கியது. எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தென்னிந்தியர் மாட்டுங்காவில் குடியேறினர்; 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவுமளவு வேரூன்றினர். அவர்களின் அடுத்த தலைமுறைகள் பல செம்பூருக்கும் பரவின. தாராவியின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையின் உழைக்கும் மக்கள் அங்கிருந்த தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து சேர்ந்தனர். ஒரே மொழி பேசிய இவ்விரு குடியேற்றங்களையும் சாதியும் வருவாயும் பிரித்து வைத்தன. ஒரு கூடை சீமையத்தியும் ஒரு கிலோ சர்க்கரையும் ஒருசேர வாங்கும் வசதி எல்லாச் சமையலறைக்கும் வாய்க்கவில்லை என்பதை ஜாமின் வரலாறு மறக்கலாகாது.

இந்தச் சமையலறைக்கு ஜாம் எந்த அளவுக்குப் புதிது? பழத்தை இனிப்பில் இட்டுக் காக்கும் அறிவு ஏற்கெனவே இங்கிருந்தது. அண்டை வீட்டு மராத்தியப் பெண்கள் மாங்காயைச் சர்க்கரையில் இட்டுச் ‘சாக்கராம்பா’வும் வெல்லத்தில் இட்டு ‘குளாம்பா’வும் செய்தனர். பழநிப் பஞ்சாமிர்தம் நீர் சேர்க்காமல், மலைவாழையையும் சர்க்கரையையும் பிசைந்தே நெடுநாள் கெடாமல் நிற்கிறது. இவற்றினும் முக்கியமானது ‘பதம்’ என்ற ஒரு சொல். கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று பாகின் செறிவை விரல்நுனியால் அளக்கும் கணக்கு தமிழ்ப் பெண்களிடம் இருந்தது. அதிரசத்துக்கும் பொரிவிளங்காய்க்கும் பாகு வைத்த கைக்கு, ஜாம் இறக்கும் தருணம் மேலும் ஒரு பதமே. அறிவியல் அதை ஏறத்தாழ 105 பாகை செல்சியசு என்கிறது. குளிர்ந்த தட்டில் விட்ட துளி ஓடாமல் நின்று, விரலால் தள்ளினால் சுருக்கம் விழும் நிலை என்று கை சொல்கிறது. இரண்டும் ஒன்றே.

ஆனால் சீமையத்தி ஒரு வகையில் ஏமாற்றும் பழம். அதில் இனிப்பு மிகுதி, புளிப்பு மிகக் குறைவு. 1825இல் ஆன்றி பிராக்கோனோ என்ற பிரெஞ்சு வேதியியலார் விளக்கிய பெக்டின் என்னும் பொருளே ஜாமை உறைய வைக்கிறது. அது உறையப் புளிப்பும் சர்க்கரையும் வேண்டும். புளிப்புக் குறைந்தால் நுண்ணுயிர்க்கும் வழி திறக்கும். ஆகவே எலுமிச்சைச் சாறு இங்கே சுவைக்காக மட்டும் சேர்வதன்று, காவலுக்காகச் சேர்வது. காம்பில் கசியும் பால் கையை அரிக்கும் என்பதால் அதைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ அளவில் சர்க்கரை இட்டு, இரண்டு எலுமிச்சை பிழிந்து, நீர் விடாமல் அடிகனத்த பாத்திரத்தில் கிளறுவது வீட்டு முறை. இளஞ்சிவப்புக் கூழ் மெல்ல மெல்லக் கருஞ்சிவப்பாகும். விதைகள் மட்டும் கடைசிவரை நறநறக்கும். கொதிநீரில் இட்டு உலர்த்திய புட்டியில் சூடாகவே ஊற்றி மூடிவிட்டால், இரண்டு நாள் பழம் பல மாதப் பழமாகிறது.

அந்த முக்கால் கிலோ எங்கிருந்து வந்தது என்பதே இவ்வரலாற்றின் நடுக்கேள்வி. விடையின் சுவடு சொற்களிலேயே உள்ளது. நெல்லைத் தமிழர் சொல்லும் ‘சீனி’ சீன நாட்டை நினைவூட்டுகிறது. பழைய சென்னை வழக்கிலிருந்த ‘அஸ்கா’, ஆலை இருந்த ஒடிசாவின் அஸ்கா ஊரைச் சுட்டுகிறது. பம்பாய்க் குசராத்தியரின் ‘மோரஸ்’ மொரீசியசுத் தீவின் பெயரிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தீவின் வெள்ளைச் சர்க்கரை பம்பாய்த் துறைமுகத்தில் பெருமளவில் இறங்கியது. அங்கே கரும்பு வெட்டியவர்கள் ஒப்பந்தக் கூலிகள். 1834க்கும் 1920க்கும் இடையில் ஏறத்தாழ 5 இலட்சம் இந்தியர் போர்ட் லூயிசு துறையில் இறங்கினர். சென்னைத் துறையிலிருந்து கப்பலேறிய தமிழரும் அவர்களுள் உண்டு. பம்பாயில் பழத்துக்கு ஆயுள் கொடுத்த சர்க்கரையில், மறுகரையில் தேய்ந்த தமிழ்க் கைகளின் ஆயுளும் கலந்திருந்தது. ஜாமைக் ‘காலனியப் பண்பாட்டின் கொடை’ என்று எழுதுவோர் இந்தக் கொடையாளர்களைக் கணக்கில் கொள்வதில்லை.

பின்னர் சாவகச் சர்க்கரை வந்தது. 1932இன் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் உள்நாட்டு ஆலைகள் பெருகின. 1943இல் பம்பாயில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தபோது சர்க்கரையும் அளந்து கொடுக்கும் பொருளாயிற்று. அட்டைக்குக் கிடைக்கும் அளவு காப்பிக்கும் பண்டிகைக்கும் போதுமா என்று கணக்கிடும் வீட்டில் ஜாம் காய்ச்சுவது ஆடம்பரம். 1950இல் அகமதுநகர் மாவட்டத்துப் பிரவராநகரில் விட்டல்ராவ் விகே பாட்டீலும் பொருளியலறிஞர் தனஞ்செயராவ் காட்கிலும் வளர்த்தெடுத்த கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் வழியில் மகாராட்டிரம் சர்க்கரை மாநிலமாயிற்று. வாய்க்கால் நீர் குடித்து வளரும் கரும்பும் வறள்மேட்டில் விளையும் அத்தியும் ஒரே மாநிலத்தின் இரு வேறு நீர்நிலைமைகள். இரண்டும் கூடும் இடம் ஜாம் பாத்திரம்.

சட்டமும் விரைவில் பாத்திரத்துக்குள் நுழைந்தது. 1955இன் பழப்பொருள் ஆணை, ஜாம் எனப்படுவதில் குறைந்தது 45 விழுக்காடு பழமும் 68 விழுக்காடு கரைதிடமும் இருக்க வேண்டும் என்றது. பாதிக்கும் குறைவான பழம் போதும் என்ற இந்த வரையறை, மலிவான கூழ்களைக் கலந்து செய்யும் ஆலை ஜாமுக்கு இடமளித்தது. 1964இல் அமைந்த உணவு மற்றும் ஊட்டச்சத்து வாரியத்தின் பிரிவுகள் வீட்டளவில் பழம் பதப்படுத்தும் பயிற்சியைப் பெண்களுக்கு அளித்தன. ஒரு கை ஆலைக்கு வரையறை எழுத, மறு கை வீட்டுக்குப் பாடம் நடத்தியது. 2011இன் விதிகளோ ஆண்டு விற்றுமுதல் 12 இலட்சம் ரூபாய்க்குட்பட்ட சிறு உணவுத் தொழிலையும் பதிவு செய்யச் சொன்னது. தாராவியில் சமையலும் தொழிலும் ஒரே அறையில் நடக்கும் வீடுகளில் இட்லியும் முறுக்கும் செய்து நகருக்கு அளிக்கும் பெண்களுக்கு, பதம் தெரிந்தால் மட்டும் போதாது என்றாயிற்று. இடமும் தாளும் வேண்டும்.

இன்று பழத்தின் பக்கமும் கேள்வி எழுந்துள்ளது. 2024 ஆகத்து மாதம் புரந்தர் அத்தியின் சாறு போலந்துக்கு ஏற்றுமதியானது. பதப்படுத்தும் அறிவு உழவர் கைக்கே வரும் நல்ல அறிகுறி அது. அதே வட்டாரத்தில் 2016இல் அறிவிக்கப்பட்ட விமான நிலையத்துக்காக ஏழு ஊர்களின் நிலம் குறிக்கப்பட்டது. அத்தியும் சீத்தாவும் விளையும் தோட்டங்களை விட மறுத்து உழவர் போராடினர். 1863இல் போக்குவரத்து அந்தப் பழத்துக்குச் சந்தை தந்தது. இன்று போக்குவரத்தே அதன் நிலத்தைக் கேட்கிறது.

ஆலைகளின் வரலாறு ஆணைகளிலும் கணக்கேடுகளிலும் கிடைக்கிறது. வீட்டு ஜாமின் வரலாறு பதத்தில் இருக்கிறது. அது கையிலிருந்து கைக்குச் செல்வது, எழுதப்படாதது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அந்தக் கைகள் மூப்படைந்து வருகின்றன. உணவு வரலாறு எழுத முனையும் மாணவர்கள் ஆவணக் காப்பகத்துக்குப் போகும் வழியில் அடுப்படியிலும் சற்று நின்று கேட்பது நல்லது. பழத்தைப் போலவே அந்தச் சான்றுக்கும் பொறுமை கிடையாது.