வன்கூவர் மரதனும் கரையோர வரலாறும்



ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தின் முதலாவது ஞாயிற்றுக்கிழமை வன்கூவர் நகரில் மரதன் ஓட்டம் நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள். ஒருபக்கம் கடல், மறுபக்கம் பனி மூடிய மலை. ஐம்பது வயதைத் தாண்டியபின் அதில் ஓடியவன் நான். என் ஓட்டத்தைவிட, அந்தப் பாதையில் புதைந்து கிடக்கும் வரலாறு பெரிது. அதையே இம்மாத உரையில் சொல்ல விரும்புகிறேன்.

மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட இந்தத் தூரம், 1921இல்தான் உலகெங்கும் நிரந்தரமானது. வன்கூவர் மரதன் 1972இல் தொடங்கியது. லயன்ஸ் கேட் ரோட் ரன்னர்ஸ் என்ற கழகத்தினர் ஸ்ரான்லி பூங்காவைச் சுற்றி ஓடினார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சில டசின் பேர்தான் அன்று ஓடினார்கள். இன்று ஆயிரக்கணக்கானோர் ஓடுகிறார்கள்.

ஆனால் இந்த நகரம் மறக்க முடியாத மரதன் அதற்கும் முந்தியது. 1954ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆந் திகதி, பேரரசு விளையாட்டுப் போட்டியின் இறுதி நாள். அன்றுதான் எம்பயர் அரங்கில் றொஜர் பனிஸ்ரரும் ஜோன் லாண்டியும் ஒரே ஓட்டத்தில் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடினார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சிறிது நேரத்தில் மரதன் வீரர் ஜிம் பீற்றர்ஸ் தள்ளாடியபடி உள்ளே வந்தார். உலகின் மிகச் சிறந்த மரதன் நேரம் அப்போது அவருடையதுதான். அடுத்தவரைவிட 17 நிமிடங்கள் முன்னால் இருந்தார். ஆனால் கோடை வெயில் அவருடைய உடம்பில் இருந்த நீரை எல்லாம் உறிஞ்சிவிட்டது. விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். முடிவுக் கோட்டை அவரால் எட்ட முடியவில்லை. ஸ்கொட்லாந்துக்காரரான ஜோ மக்கீ தங்கம் வென்றார். பீற்றர்ஸ் அதன்பின் போட்டியில் ஓடவே இல்லை. மரதன்களைப் பெரும்பாலும் இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் வைப்பதன் காரணத்தை இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

இளவேனிலில் ஓட வேண்டுமென்றால் மாரியில் பயிற்சி எடுக்க வேண்டும். நான் ஜனவரியில் ஆரம்பித்தேன். வன்கூவர் மழை உங்களுக்குத் தெரியும்; ஊர் மழைபோல் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம், ஞாயிறு மட்டும் நீண்ட ஓட்டம். 10 கிலோமீற்றரில் தொடங்கி மெல்ல மெல்ல 32 வரை கூட்டினேன். கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுத்தேன். உடம்பு சேமித்து வைக்கும் மாச்சத்து 30 கிலோமீற்றர் அளவில் தீர்ந்துபோகும் என்பார்கள். அதனால் முதல் நாட்களில் சோறும் புட்டும் தாராளமாகச் சாப்பிட்டேன். வழியில் இனிப்புக் கூழும் தண்ணீரும்.

என்னோடு பயிற்சி எடுத்தவர் முப்பதுகளில் உள்ள ஒரு தம்பி. அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

2012 முதல் இந்த ஓட்டம் எலிசபெத் மகாராணி பூங்காவருகே தொடங்குகிறது. கமோசன் தெருவின் ஏற்றம் ஆளைச் சோதிக்கும். பிறகு பல்கலைக்கழகப் பகுதி, ஸ்பானிஷ் பாங்க்ஸ், கிற்சிலானோ கடற்கரை, பரார்ட் பாலம். அதன்பின் ஸ்ரான்லி பூங்காவின் கடல் மதில்.

அலையரிப்பைத் தடுக்க 1917இல் கட்டத் தொடங்கிய மதில் அது. சுற்று முழுமையடைந்தது 1980இல். வேலையற்றிருந்த ஏராளமானோர் அதில் கல் சுமந்தார்கள். ஜேம்ஸ் கனிங்ஹாம் என்ற கொத்தனார் 1931 முதல் பல ஆண்டுகள் அதை மேற்பார்வை செய்தார். 1963இல் அவர் இறந்தபின் அவருடைய அஸ்தியை அந்த மதிலுக்குள்ளேயே வைத்தார்கள்.

அந்த மதிலுக்கு முன்பே அங்கே மனிதர் வாழ்ந்தார்கள். ஹ்வாய்ஹ்வாய் என்ற பூர்வகுடிக் கிராமம் அந்தப் பூங்காவுக்குள்தான் இருந்தது. 1888இல் பூங்காவைச் சுற்றி வீதி போட்டபோது, அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுக் குவித்த சிப்பி ஓடுகளைத் தோண்டி வீதிக்குப் பரப்பினார்கள். குடும்பங்களும் காலப்போக்கில் வெளியேற்றப்பட்டன.

பூங்காவைக் கடந்தால் கோல் துறைமுகம். 1914 மே 23ஆந் திகதி கோமகாட்டா மாரு என்ற கப்பல் இந்த நீரில் நங்கூரமிட்டது. அதில் 376 பயணிகள், பெரும்பாலும் பஞ்சாபியர். பிறந்த நாட்டிலிருந்து இடைநிற்காமல் வர வேண்டும், கையில் 200 டொலர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. இந்தியாவிலிருந்து அப்படி நேராக வரும் கப்பல் சேவையே இருக்கவில்லை! உணவும் நீரும் குறைய, கரையில் இருந்த இந்தியர்கள் பணம் சேர்த்து வழக்காடினார்கள். இருபத்துச் சொச்சம் பேர் மட்டுமே இறங்கினார்கள். ஜூலை 23இல் கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜில் பொலிசார் சுட்டதில் பலர் மாண்டனர். 2016இல் கனடியப் பாராளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2012இல் திறந்த நினைவுச் சின்னம் துறைமுகக் கரையில் நிற்கிறது.

இனி அந்தத் தம்பி. 2010 ஓகஸ்ட் 13ஆந் திகதி வன்கூவர் தீவுக்குச் சன் சீ கப்பலில் வந்த 492 தமிழரில் அவரும் ஒருவர். ஆண்களை மேப்பிள் ரிஜ் சிறையில் வைத்திருந்தார்கள். அவரும் மாதக்கணக்கில் அங்கே இருந்தார். அந்த நாட்களில் வானொலி உரையாடல்களில் கோமகாட்டா மாருவின் பெயர் அடிக்கடி ஒலித்தது. ஒரு கப்பலைத் திருப்பினார்கள், மற்றதைத் திருப்பவில்லை. ஆனால் இரண்டுக்கும் முன்னால் எழுந்த சந்தேகம் ஒன்றுதான்.

மதிலில் 35ஆவது கிலோமீற்றர் அளவில் என் கால்கள் மரத்துப்போயின. "அண்ணை, இது நடக்கிற இடந்தான், நடவுங்கோ. நிற்காமல் இருந்தால் போதும்" என்றார் தம்பி. நடந்தும் ஓடியும் முடித்தோம். பதக்கத்தோடு நினைவுச் சின்னத்துக்குப் போனோம். பயணிகளின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். நான் ஒரு வாங்கில் இருந்துவிட்டேன்.

நேயர்களே, வன்கூவருக்கு வந்தால் ஓடத்தான் வேண்டும் என்றில்லை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்தக் கரையில் ஆறுதலாக நடவுங்கள். அங்கே வாழ்ந்தவர்களையும், இறங்க விடாமல் அனுப்பப்பட்டவர்களையும் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். அடுத்த மாத உரையில் மீண்டும் சந்திப்போம். வணக்கம்.