இந்தியப் பறவை அஞ்சல்தலைகள்

பறவை உருவம் பொறித்த அஞ்சல்தலைகளைச் சேர்ப்பது அஞ்சல்தலை சேகரிப்பின் ஒரு பிரிவாகும். நாடு வாரியாகச் சேர்ப்போர் போலவே பொருள் வாரியாகச் சேர்ப்போரும் உண்டு. அவர்களுள் பறவைகளைத் தேர்ந்துகொள்வோர் பலர்.

உலகின் முதல் அஞ்சல்தலை 1840 இல் இங்கிலாந்தில் விக்டோரியா அரசியின் முகத்துடன் வெளிவந்தது. அடுத்த ஐந்தே ஆண்டுகளில், 1845 இல், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர அஞ்சல்தலையில் கடிதத்தை அலகில் கவ்விய வெண்புறா இடம்பெற்றது. 1854 இல் மேற்கு ஆஸ்திரேலியா தன் நாட்டுக் கருப்பு அன்னத்தை அச்சிட்டது. புறா, தூதின் அடையாளம். அன்னமோ அந்த மண்ணில் உண்மையாகவே நீந்திய பறவை. பறவை அஞ்சல்தலைகளின் வரலாறு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நகர்ந்து வந்திருக்கிறது.

இந்தியாவில் பறவையினங்களுக்கென்றே ஒரு வரிசை 1968 டிசம்பர் 31 அன்று வெளியானது. நீல வால்காக்கை, மரங்கொத்தி, அரிவாள் மூக்குச் சிலம்பன், தேன்சிட்டு ஆகிய நான்கும் 20 பைசா முதல் 2 ரூபாய் வரையிலான மதிப்புகளில் வந்தன. இவற்றுள் அந்த வால்காக்கையும் மரங்கொத்தியும் இமயமலைப் பக்கத்தவை. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் இருக்கும் பிள்ளை அவற்றைப் படத்தில்தான் பார்க்க முடியும். 1975 வரிசையில் நிலைமை சற்று மாறியது. அதன் 25 பைசா தலையில் இருந்தது ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் தமிழில் அந்தப் பெயர். குளிர்காலத்தில் தெற்கே வரும் இப்பறவை, களைத்துப்போய் வீட்டுத் தோட்டங்களில் இறங்குவதும் உண்டு. அதே வரிசையில் நம் மாந்தோப்புகளில் காணும் கருந்தலை மாங்குயிலும் 50 பைசா தலையில் இடம்பெற்றது.

பின்னர் அழிவை எதிர்நோக்கும் பறவைகள் வரத் தொடங்கின. 1980 இல் கானமயில், 1983 இல் சைபீரியக் கொக்கு. 1994 நவம்பரில் அருகிவரும் நீர்ப்பறவைகள் என்று நான்கு தலைகள் வெளியிடப்பட்டன: அந்தமான் கிளுவை, கிழக்கத்திய வெண்நாரை, கருங்கழுத்துக் கொக்கு, இளஞ்சிவப்புத் தலை வாத்து. கடைசியாகச் சொன்ன வாத்தை இந்தியாவில் பல பத்தாண்டுகளாக யாரும் உறுதியாகக் கண்டதில்லை.

இந்த வரிசைக்கு நேர்ந்தது விசித்திரமானது. அச்சிட்ட மை தண்ணீரில் கரையக்கூடியது என்பது பிறகுதான் தெரிந்தது. விற்பனையிலிருந்து வரிசை திரும்பப் பெறப்பட்டது. பயன்படுத்திய தலையை உறையோடு வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, பசை இளகியதும் உரித்து, செய்தித்தாள் நடுவே உலர்த்துவது சேகரிப்போரின் நெடுநாள் வழக்கம். வகுப்பில் பிள்ளைகளுக்கு நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இந்த நான்கையும் அப்படி ஊறவைத்தால் மை கரைந்து படம் கெட்டுவிடும். நீர்ப்பறவைகள் நீரில் கரைவதை என்னவென்று சொல்வது! குறைந்த காலமே விற்றதால் இன்று இவ்வரிசைக்குச் சந்தையில் நல்ல விலை. உறையில் ஒட்டிய நிலையில் கிடைத்தால் உரிக்காமல், தாளோடு சேர்த்தே வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

பறவையியலாளர் சாலிம் அலியின் நூற்றாண்டையொட்டி 1996 இல் அவருக்கும் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. 2010 ஜூலை 9 அன்று, தலா 5 ரூபாய் மதிப்பில் புறாவும் சிட்டுக்குருவியும் வந்தன. இமயமலைப் பறவைகளோடு தொடங்கிய வரிசை, வீட்டு உத்திரத்தில் கூடு கட்டும் குருவியை எட்ட 42 ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் அந்தக் குருவியும் பல நகரங்களில் அரிதாகியிருந்தது.