சென்னை கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் பாதை

சென்னை கடற்கரை நிலையத்தையும் தாம்பரத்தையும் இணைக்கும் புறநகர் ரயில் பாதை ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமுடையது. தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் காலத்தில் மின்மயமாக்கப்பட்டு, 1931 மே 11 அன்று பொதுமக்களின் பயணத்துக்குத் திறந்துவிடப்பட்டது. இந்தியாவின் முதல் மின்சார ரயில் இதற்கு ஆறு ஆண்டுகள் முன்னதாக, 1925 பிப்ரவரி 3 அன்று, பம்பாய் விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே ஓடியது. அது அகலப்பாதை. மீட்டர் பாதையில் மின்சார ரயிலை இந்தியா முதலில் கண்டது சென்னையில்தான்.

பாதை மின்மயமான காலத்தில் சைதாப்பேட்டைக்குத் தெற்கே பெரும்பகுதி வயலும் ஏரியும் தோப்புமாக இருந்தது. மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைக்கும் வேலை 1920களில் தொடங்கியிருந்தது. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோய் மருத்துவமனையை நிறுவினார்; தாம்பரம் சானடோரியம் என்ற நிலையப் பெயரில் அது இன்றும் நிற்கிறது. குரோம்பேட்டையின் பெயரும் அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையிலிருந்து வந்ததே. சென்னை கிறித்துவக் கல்லூரி 1937இல் நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. மின்சார ரயில் இல்லாமல் அந்த இடமாற்றத்தை எண்ணிப் பார்ப்பது கடினம். பாரிமுனையில் வேலை, பல்லாவரத்தில் வீடு, கையில் சீசன் டிக்கெட் என்ற நடுத்தரக் குடும்பத்தின் வாழ்க்கைமுறையும் இந்தப் பாதையோரத்தில்தான் உருவானது.

தொடக்கத்தில் இப்பாதையில் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம் பயன்பட்டது. 1960களின் நடுவில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாற்றி, மின்கம்பியை விழுப்புரம் வரை நீட்டினார்கள். அப்போது ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்திடமிருந்து 20 மீட்டர் பாதை மின் எஞ்சின்கள் வாங்கப்பட்டன. அவற்றுக்கு யாம்-1 என்று பெயர். மாயவரம் வழியாக எழும்பூர் சென்ற எங்கள் பக்கத்துப் பயணிகளுக்கு விழுப்புரத்தில் எஞ்சின் மாற்றும் நேரம் நினைவிருக்கும். காப்பி குடித்துத் திரும்புவதற்குள் கரி எஞ்சின் போய் மின் எஞ்சின் வந்து நின்றிருக்கும். அது ஜப்பானில் செய்தது என்பது பலருக்குத் தெரியாது.

ஜப்பானைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1990களில் இந்திய ரயில்வே ஒரே அகலப் பாதைத் திட்டத்தைக் கையில் எடுத்தது. கடற்கரை – தாம்பரம் பாதையில் கடைசி மீட்டர் பாதை மின்சார ரயில் 2004 ஜூலை 1 அன்று ஓடியது. மீட்டர் பாதை பெருநகருக்குப் போதாது, கூட்ட நெரிசலுக்கு அதுவே காரணம் என்ற பேச்சு அந்நாளில் பரவலாக இருந்தது. முழு உண்மையன்று. மீட்டர் பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர். ஜப்பான் 1872இல் ஷிம்பாஷி – யோகோஹாமா இடையே போட்ட முதல் பாதையின் அகலம் 1,067 மில்லிமீட்டர். நம்முடையதைவிட ஒரு சாண்கூட அதிகமில்லை. டோக்கியோவின் யமனோட்டே வட்டப்பாதை இன்றும் அதே அகலத்தில்தான் ஓடுகிறது. 34.5 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வட்டம் 1925இல் முழுமையடைந்தது. அதன் பெட்டிகள் மூன்று மீட்டருக்கும் குறைவான அகலமுடையவை. நம் அகலப்பாதைப் புறநகர்ப் பெட்டிகளோ 3.66 மீட்டர் அகலமுடையவை. ஆனாலும் உலகின் மிக நெரிசலான தடங்களில் ஒன்றை அவர்களால் ஓட்ட முடிகிறது. 11 பெட்டித் தொடர்கள் நெரிசல் வேளையில் சில நிமிடங்களுக்கு ஒன்றாக வருகின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் பக்கத்துக்கு நான்கு கதவுகள். 1956இல் கெய்ஹின்–தொஹொக்கு தட வண்டிகளுக்குத் தனித் தண்டவாளம் ஒதுக்கி, யமனோட்டே வண்டிகளுக்கு வழிவிட்டார்கள்.

நாடு முழுவதும் ஒரே அகலம் வேண்டும் என்பது நல்ல காரணமே. சரக்கும் பயணியும் இடையில் மாறாமல் செல்ல அது உதவுகிறது. ஆனால் புறநகர்ப் பயணியின் தேவை தண்டவாள அகலத்தோடு முடிவதில்லை. வண்டிகளின் இடைவெளி, தனித் தடம், மூடும் கதவு ஆகியவை அதைவிட முக்கியம்.

கதவின் கதை ஜப்பானிலும் எளிதாக முடியவில்லை. 1951 ஏப்ரல் 24 அன்று யோகோஹாமாவின் சகுராகிச்சோ நிலையத்தருகே மேல்மின்கம்பி அறுந்து ரயில் தீப்பிடித்தது. தானியங்கிக் கதவுகள் திறக்கவில்லை. சன்னல்கள் ஆள் நுழைய முடியாதபடி சிறியவை. நூறு பேருக்கு மேல் மாண்டனர். அதன்பின் ஆபத்துக் காலத்தில் பயணிகளே கதவைத் திறக்கும் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பதை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைத்தார்கள். பெட்டிகளுக்கிடையே நடந்து செல்லவும் வழி அமைத்தார்கள். கதவே வேண்டாம் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

சென்னையில் கதவுகள் திறந்தே கிடந்தன. 2018 ஜூலை 24 காலை, இங்கும் மேல்மின்கம்பிக் கோளாறுதான் தொடக்கம். புறநகர் ரயில்கள் விரைவு வண்டிகளின் தடத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. பரங்கிமலை நிலையத்தில் அத்தடத்தை ஒட்டிக் கான்கிரீட் சுவர் ஒன்று இருந்தது. படியில் தொங்கிச் சென்றவர்கள் அதில் மோதி விழுந்தார்கள்; உயிர்கள் போயின. அகலப்பாதைக்கு மாறிப் பதினான்கு ஆண்டுகள் ஆன பிறகும் படியில் தொங்கும் நிலை மாறவில்லை.

கடற்கரை – செங்கல்பட்டுத் தடத்தில் குளிர்சாதன வசதியும் தானாக மூடும் கதவுகளும் கொண்ட 12 பெட்டிப் புறநகர் ரயில் 2025 ஏப்ரல் 19 அன்று ஓடத் தொடங்கியது. அது பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் தயாரானது. அதன் கட்டணம் சாதாரண வண்டியைவிட அதிகம். மூடும் கதவு சாதாரண வண்டிகளுக்கும் வந்து சேர வேண்டும்.