டேனியல்களின் இந்திய ஓவியப் பயணங்கள்

தாமஸ் டேனியல் (1749–1840), அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் (1769–1837) ஆகிய இருவரும் 1786 முதல் 1793 வரை இந்தியாவில் பயணம் செய்து, கண்ட இடங்களை அவ்விடங்களிலேயே வரைந்து பதிவு செய்த இங்கிலாந்து ஓவியர்கள் ஆவர். இவ்வரைபடங்களைக் கொண்டு இலண்டனில் 1795க்கும் 1808க்கும் இடையில் அவர்கள் வெளியிட்ட 'ஓரியண்டல் சீனரி' என்னும் தொகுப்பு 144 அச்சோவியங்களைக் கொண்டது. சென்னை, மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மாமல்லபுரம் முதலிய இடங்கள் ஒளிப்படக்கலை தோன்றுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னர் எவ்வாறு தோற்றமளித்தன என்பதை அறிய உதவும் முதன்மையான காட்சிச் சான்றுகளுள் இத்தொகுப்பும் ஒன்றாகும். எனினும் இதனைச் சான்றாகக் கொள்வோர், படங்கள் உருவான முறையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பின்னணி

தாமஸ் டேனியல் விடுதிக்காரர் ஒருவரின் மகன். வண்டிகளுக்கு வண்ணம் தீட்டுபவரிடம் தொழில் பயின்ற பின்னர், 1773இல் அரச கலைக்கழகப் பள்ளியில் சேர்ந்தார். இலண்டனில் நிலக்காட்சி ஓவியராகப் போதிய வருவாய் கிட்டவில்லை. அக்காலத்தில் இந்தியா செல்வதற்குக் கிழக்கிந்தியக் கம்பனியின் அனுமதி தேவைப்பட்டது. செதுக்கோவியராகப் பணிபுரிய 1784இல் அனுமதி பெற்ற தாமஸ், தந்தையை இழந்து தம்மிடம் வளர்ந்த வில்லியமை உதவியாளராக அழைத்துக்கொண்டு 1785 ஏப்ரலில் கப்பலேறினார். அப்போது வில்லியமின் வயது 16 மட்டுமே. சீனா வழியாகச் சென்ற அவர்கள் 1786இல் கல்கத்தாவை அடைந்தனர்.

கல்கத்தாவில் முதல் ஆண்டுகள்

அறிமுகமற்ற ஊரில் பிழைப்புக்கு வழிதேட வேண்டியிருந்த தாமஸ், அந்த ஊரையே தம் கருப்பொருளாக்கினார். கல்கத்தாவின் தெருக்களையும் கட்டடங்களையும் காட்டும் 12 அச்சோவியங்களை 1786–1788 காலத்தில் வெளியிட்டார். அங்கு வாழ்ந்த ஐரோப்பியர்களே இவற்றை வாங்குவோராக இருந்தனர். செப்புத் தகட்டில் படம் எடுக்கும் தொழில்நுட்பத்தில் இருவரும் அப்போது தேர்ந்தவர்களல்லர். வேலை செய்துகொண்டே கற்றனர். தகடு செய்வது முதல் அச்சடிப்பது வரை எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டியிருந்ததாகவும், அவ்வுழைப்பு தம்மை வாட்டிவிட்டதாகவும் தாமஸ் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. உள்ளூர்க் கைவினைஞர்களும் இப்பணியில் உதவினர். ஆனால் அச்சோவியங்களில் அவர்களுடைய பெயர்கள் இல்லை.

இவ்விற்பனையின் வருவாயே 1788இல் தொடங்கிய வட இந்தியப் பயணத்தை இயலச் செய்தது. கங்கை வழியே மேற்கு நோக்கிச் சென்று, ஆக்ரா, தில்லி ஆகிய நகரங்களைக் கண்டு, 1789இல் இமயமலை அடிவாரத்திலுள்ள கர்வால் சிறீநகர் வரை சென்றனர். 1791இல் கல்கத்தா திரும்பியதும், தீட்டிய ஓவியங்களைக் குலுக்கல் முறையில் விற்றனர். சீட்டு வாங்கியவர்களுள் பரிசு விழுந்தோருக்கு ஓவியம் கிடைக்கும். அத்தொகை தென்னகப் பயணத்துக்கு மூலதனமாயிற்று.

தென்னகப் பயணம்

1792 மார்ச்சு மாதம் திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் இடையிலான மூன்றாம் மைசூர்ப் போர் சீரங்கப்பட்டண உடன்படிக்கையுடன் முடிவுற்றது. பாராமகால் என்று அழைக்கப்பட்ட இன்றைய கிருட்டிணகிரி, தருமபுரிப் பகுதி கம்பனியின் வசமாகியது. அடுத்த மாதமே டேனியல்கள் சென்னையிலிருந்து பல்லக்குகளுடனும் சுமையாட்களுடனும் புறப்பட்டனர். புதிதாகக் கைப்பற்றப்பட்ட மலைக்கோட்டைகளின் படங்களுக்கு ஆங்கிலேயரிடம் வரவேற்பு இருந்தது என்பதே இவ்விரைவுக்கு முக்கிய காரணம் எனலாம். போரின்போது காரன்வாலிசின் படையுடன் சென்ற ராபர்ட் ஓம் என்னும் ஓவியரும் இதே சந்தையை நோக்கித் தம் மைசூர்க் காட்சிகளை 1794இல் வெளியிட்டார்.

வேலூர், கிருட்டிணகிரி, பெங்களூர், சேலம், திருச்சிராப்பள்ளி, மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்ற இருவரும், இராமேசுவரம், தஞ்சாவூர் ஆகிய இடங்களையும் கண்டு 1793 சனவரியில் சென்னை திரும்பினர். பாபநாசம் அருவி, திருச்சி மலைக்கோட்டை, தஞ்சைப் பெருவுடையார் கோயில், மதுரையின் புதுமண்டபம், சிதைந்த நிலையிலிருந்த நாயக்கர் அரண்மனை ஆகியன இப்பயணத்தின் பயனாக வெளிவந்த அச்சோவியங்களுள் அடங்கும். 'குமரிமுனை' எனப் பெயரிடப்பட்ட படத்தைக் காண்போர் முக்கடலை எதிர்பார்த்து ஏமாறக்கூடும். அது களக்காட்டுக்கு அருகிலிருந்து வரையப்பட்டதென அதன் தலைப்பே கூறுகின்றது. படத்தை நிறைப்பவை மலைகளே.

வரையும் முறை

இருவரும் தம்முடன் இருட்டறைப் பெட்டி (கேமரா அப்சுக்குரா) ஒன்றை எடுத்துச் சென்றனர். வில்லை வழியாகப் பெட்டிக்குள் வரும் ஒளி, எதிரிலுள்ள காட்சியின் உருவைத் தாளின்மீது வீழ்த்தும்; ஓவியர் அதன் விளிம்புகளைப் பென்சிலால் பின்பற்றுவார். கோபுரத்தின் அளவுவிகிதம், தூண் வரிசையின் தொலைநோக்கு ஆகியவற்றைச் சரியாகப் பெற இது பெரிதும் உதவியது. பின்னர் கோடுகளுக்கு மையிட்டு, மென்மையான நீர்வண்ணம் பூசினர்.

இவர்களுக்கு முன் 1780–1783 காலத்தில் இந்தியாவில் வரைந்த வில்லியம் ஆட்ஜசின் படங்களைத் தாம் சென்ற இடங்களுடன் ஒப்பிட்டு, அவற்றின் பிழைகளை வில்லியம் டேனியல் தம் நாட்குறிப்பில் சுட்டிக்காட்டியுள்ளார். ஆட்ஜசை விடத் துல்லியமானவர்கள் என்று பெயர் பெறுவது இவர்களுக்குத் தொழில் தேவையுமாகும்.

இலண்டனில் இவ்வரைபடங்கள் அக்குவாடிண்ட் என்னும் முறையில் அச்சோவியங்களாக்கப்பட்டன. செப்புத் தகட்டின்மீது பிசின் தூளைத் தூவிச் சூடேற்றினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் இடும்போது துகள்களுக்கு இடைப்பட்ட பகுதிகள் மட்டும் அரிக்கப்படும். வெளிறித் தோன்ற வேண்டிய இடங்களை மெருகெண்ணெயால் மூடிவிட்டு, ஏனைய இடங்களை மீண்டும் அமிலத்தில் இடுவர். நெடுநேரம் அரிக்கப்பட்ட பகுதி கருமையாக அச்சாகும். இதனால் நீர்வண்ணத்துக்கு ஒப்பான நிழற்படிகளைப் பெற முடிந்தது. அச்சடித்த படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. முழுத் தொகுப்பின் விலை 210 பவுண்டுகள். செல்வந்தர்களும் நூலகங்களுமே வாங்கக்கூடிய விலை அது.

சான்றாகக் கொள்வதில் உள்ள வரையறைகள்

1792இல் களத்தில் இழுத்த கோட்டுக்கும் அச்சோவியத்துக்கும் இடையில் ஐந்து முதல் பதினைந்து ஆண்டுகள் கழிந்துள்ளன. கட்டடங்களின் கோடுகள் பெரும்பாலும் களத்தில் பெறப்பட்டவை. வானம், முன்னணியிலுள்ள மரங்கள், மனிதர்கள், விலங்குகள் ஆகியன பெரும்பாலும் அக்கால ஆங்கில எழிற்காட்சி மரபுக்கு ஏற்பப் பின்னர் அமைக்கப்பட்டவை. ஆகவே புதுமண்டபத்தின் தூண்களை ஆராய்வோர் இப்படங்களை நம்பலாம். அங்கு நிற்போரின் உடையையோ தொழிலையோ ஆராய்வோர் அந்த அளவுக்கு நம்புதல் கூடாது. போர் முடிந்த சில வாரங்களில் கண்ட பாராமகால், படங்களில் பேரமைதியுடன் காணப்படுவதும் கவனிக்கத்தக்கது. தொகுப்பின் ஆறாம் பகுதியாகிய எல்லோராக் காட்சிகள் 24உம் சேம்சு வேல்சு என்பவர் வரைந்தவற்றை அடிப்படையாகக் கொண்டவை.

இவ்வரையறைகளுக்கு உட்பட்டும், அழிந்துபோனவற்றைப் பொறுத்தவரை இப்படங்களுக்கு ஈடு இல்லை. மதுரைக் கோட்டை மதில் 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. ஆர்மீனிய வணிகர் கோசா பெட்ரசு உசுக்கான் 1726இல் அடையாற்றின் குறுக்கே கட்டுவித்த பாலமும் இன்றில்லை. அவ்விடத்தில் மறைமலை அடிகள் பாலம் உள்ளது. இரண்டும் டேனியல்களின் படங்களில் காணப்படுகின்றன. 1990களில் அன்டோனியோ மார்ட்டினெல்லி என்னும் இத்தாலிய ஒளிப்படக் கலைஞர், டேனியல்கள் நின்ற இடங்களைத் தேடிச் சென்று அதே கோணங்களில் ஒளிப்படம் எடுத்தார்.

பிற்காலம்

இருவரும் 1794இல் இங்கிலாந்து திரும்பினர். தாமஸ் மீண்டும் இந்தியாவுக்கு வரவில்லை. இந்தியக் காட்சிகளைத் தீட்டியே 1799இல் அரச கலைக்கழக உறுப்பினரானார். வில்லியம் 1814–1825 காலத்தில் பிரித்தானியக் கடற்கரையைச் சுற்றி வரைந்து 308 அச்சோவியங்களை வெளியிட்டார். வில்லியமின் தம்பி சாமுவேல் டேனியல் தென்னாப்பிரிக்காவிலும் பின்னர் இலங்கையிலும் வரைந்தார். அவருடைய இலங்கைக் காட்சிகள் 1808இல் நூலாக வெளிவந்தன. அவர் 1811இல் இலங்கையிலேயே இறந்தார்.

டேனியல்களின் கள வரைபடங்கள் பலவும் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்திலும், எண்ணெய் வண்ண ஓவியங்களின் பெருந்தொகுதி ஒன்று கொல்கத்தா விக்டோரியா நினைவகத்திலும் உள்ளன.