துப்பாக்கியிடம் கடன் வாங்கிய டிரில்

டிரில் மெஷினைக் கையில் எடுத்தால் ஆள்காட்டி விரல் தானாகவே விசைமேல் போய் உட்காரும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் பிடி, விரலடியில் விசை, முன்னே நீளும் மூக்கு என்று எல்லாமே கைத்துப்பாக்கியின் சாயல். இது தற்செயல் ஒற்றுமை அல்ல. துளைபோடும் கருவியும் துப்பாக்கியும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கின்றன. சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூட்டைச் சீவி அளவுக்குக் கொண்டுவர, இன்று அமெரிக்காவில் பலரும் எடுப்பது இதே டிரில்லைத்தான்.

கதை துப்பாக்கிக்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது. பலுசிஸ்தானில் மெஹர்கர் என்ற புதிய கற்காலக் குடியிருப்பின் இடுகாட்டில், ஒன்பது பேரின் 11 கடைவாய்ப் பற்களில் நேர்த்தியாகத் துளையிட்ட தடங்கள் கிடைத்தன. வயது 7,500 முதல் 9,000 ஆண்டுகள். 2006இல் 'நேச்சர்' இதழில் இது வெளியானபோது பல் மருத்துவர்கள் வியந்துபோனார்கள். ஆய்வாளர்களோ அதே ஊரின் மணித் தொழிலாளர்களைச் சுட்டிக்காட்டினார்கள். கல்மணியில் துளைபோட்டுத் தேர்ந்த கைதான் பல்லுக்கும் வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. இந்தக் கருவி வேறொரு வேலைக்கு இரவல் போனதற்கான மிகப் பழைய தடயங்களில் ஒன்று இது. மணித் தொழிலோ விடாமல் தொடர்ந்தது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில், துளையிட்ட மணிகளும் துளையிடாத மணிகளும் ஒரே பட்டறை மண்ணில் கலந்து கிடைத்திருக்கின்றன.

பழைய துளைக்கருவியைச் சுழற்றியது ஒரு வில். நாணைத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தால் முனை வலமும் இடமும் மாறிமாறிச் சுழலும். பாதி இழுப்பு வீண். ஒரே திசையில் சுழலும் வளைபிடித் துரப்பணம் ஐரோப்பாவுக்குப் பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில்தான் வந்தது. நியூயார்க்கில் உள்ள மெரோட் பலிபீட ஓவியத்தில், சூசையப்பர் தச்சுப் பட்டறையில் உட்கார்ந்து ஒரு பலகையில் வரிசையாகத் துளைபோடுகிறார். அவர் கையில் இருப்பது அந்தப் புதுக் கருவிதான்.

துப்பாக்கி 1861இல் கதைக்குள் நுழைகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட நேரம். ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் ஒரு தொழிற்சாலை ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கிகளைச் செய்துகொண்டிருந்தது. அந்தத் துப்பாக்கியின் பின்புறத்தில் தீப்பொறி உள்ளே பாய வழிவிடும் சிறு குழல்முனை ஒன்று உண்டு. அதன் நடுவே மெல்லிய துளை போட வேண்டும். அதற்கான துளைமுனையை, அதாவது பிட்டை, எஃகுக் கம்பியில் எலிவால் அரத்தால் சுருள் பள்ளம் ராவி ராவித் தொழிலாளிகள் கையாலேயே செய்தார்கள். இந்தச் செலவைப் பொறுக்காத மேற்பார்வையாளர் ஃபிரெடெரிக் ஹோவ், 'பிரவுன் அண்ட் ஷார்ப்' நிறுவனத்தின் ஜோசப் பிரவுனிடம் போனார். சுருள் பள்ளம் வெட்ட ஒரு இயந்திரம் கேட்டவருக்கு, எல்லா வெட்டும் வெட்டும் யுனிவர்சல் மில்லிங் மெஷினையே பிரவுன் வடிவமைத்துத் தந்தார். முதல் மெஷின் 1862இல் விற்பனையானது. அடுத்த ஆண்டே ஸ்டீபன் மோர்ஸ் சுருள் பிட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று ஹார்டுவேர் கடையில் வாங்கும் பிட் அந்தப் பரம்பரைதான்.

சுழற்ற மின்சாரம் வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து. 1889இல் மெல்போர்னில் ஆர்தர் ஆர்னாட், வில்லியம் பிரெய்ன் இருவரும் மின் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். அவர்கள் மனதில் இருந்தது பாறையும் நிலக்கரியும். கையில் தூக்கும் சாமான் அல்ல அது. 1895இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் அதைக் கைக்கு அடக்கியது. அப்போதும் எடை ஏழரை கிலோ, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும்.

பிட்டைக் கவ்வும் வாயான 'சக்'கைத் திருத்தியவர் ஆர்தர் ஜேக்கப்ஸ். ஸ்பானரால் சக்கை முறுக்கும்போது விரல்முட்டி சிராய்ந்து நொந்த தொழிலாளி அவர். மூன்று தாடைகளும் ஒன்றாக நெருங்க, பல்சாவியால் இறுக்கும் சக்குக்கு 1902இல் காப்புரிமை வாங்கி, ஹார்ட்ஃபோர்டில் தொழில் தொடங்கினார். கோல்ட் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்ததும் அதே ஊர்தான்.

1910இல் பால்டிமோரில் டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர் என்ற இரு இளைஞர்கள் ஒரு பட்டறை திறந்தார்கள். பால் புட்டி மூடி செய்யும் இயந்திரம், மிட்டாய் முக்கும் இயந்திரம் என்று பிறர் கேட்டதைச் செய்துகொடுத்துப் பிழைப்பு நடந்தது. சொந்தச் சரக்காக ஒரு மின் டிரில்லை யோசித்தபோது, கோல்ட் .45 கைத்துப்பாக்கியின் பிடியும் விசையும் வழிகாட்டின என்று அவர்களின் 'பிளாக் அண்ட் டெக்கர்' நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. காப்புரிமை 1917இல் கிடைத்தது. அதன்பின் உலகம் முழுக்க அந்த வடிவத்தைப் பார்த்துச் செய்தார்கள்.

டிரில் வீட்டுக்குள் நுழைந்த கதையும் யாரும் திட்டமிட்டதல்ல. இரண்டாம் உலகப்போரின்போது தொழிற்சாலை ஆட்கள் வீட்டு வேலைக்காக டிரில்லைக் கையோடு எடுத்துப்போனார்கள். பிளாக் அண்ட் டெக்கர் அதில் ஒரு சந்தையைப் பார்த்தது. 1946இல் வீட்டு உபயோகத்துக்கென்றே டிரில்கள் வந்தன, 1961இல் பேட்டரி டிரில் வந்தது. பத்தே ஆண்டில், அப்போலோ 15 வீரர்கள் பேட்டரி டிரில்லால் நிலவின் மண்ணைக் குடைந்தார்கள். ஜப்பானில், மோட்டார் பழுதுபார்க்கும் கடையாக 1915இல் தொடங்கிய மகிட்டா 1969இல் தன் பேட்டரி டிரில்லைக் கொண்டுவந்தது.

இந்த டிரில்தான் இப்போது தோட்டா மேசைக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்களும் சுட்ட கூட்டை எறிவதில்லை. அதை அச்சில் அழுத்திப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்து, புது மருந்தும் குண்டும் வைத்து மறுபடி பயன்படுத்துவார்கள். ஆனால் சுடும்போதும் அச்சில் அழுத்தும்போதும் பித்தளை கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்துப் பக்கம் நகரும், கூடு நீளும். .308 வின்செஸ்டர் கூட்டின் உச்ச நீளம் 51.18 மில்லிமீட்டர், சீவி நிறுத்த வேண்டியது 50.93. இடையில் கால் மில்லிமீட்டர்தான். உச்ச நீளத்தைத் தாண்டி நீண்டால் கூட்டின் வாய் துப்பாக்கி அறையின் முனையில் நெருக்குண்டு குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

கைப்பிடியைச் சுழற்றிச் சீவும் சின்ன லேத் போன்ற கருவி நெடுநாளாக உண்டு. நூறு, இருநூறு கூடு என்றால் மணிக்கட்டு விட்டுப்போகும். எனவே டிரில்லை இழுத்துக்கொண்டார்கள், அதிலும் இரண்டு வழி. லீ நிறுவனத்தின் மலிவான முறையில் கூடு டிரில்லோடு சுழல, வெட்டியைக் கையில் பிடிப்பார்கள். வெட்டியின் நடுவிலிருந்து நீளும் ஊசி, கூட்டின் அடியில் உள்ள பொறித்துளை வழியே போய் முட்டும் இடத்தில் வெட்டு நிற்கும். இன்னொரு முறையில் வெட்டி டிரில்லில் சுழல, கூட்டைக் கையால் உள்ளே தள்ளுவார்கள். கூட்டின் தோள் முட்டும் இடமே அளவு என்பதால், அச்சில் அழுத்தி முடித்த கூட்டைத்தான் இதில் சீவலாம்.

டிரில் தேர்வுக்கு இதில் பாடம் இருக்கிறது. அளவைக் காப்பது முட்டுதான், கையின் பலம் அல்ல. பித்தளை மென்மையானது, பெரிய மோட்டார் தேவையில்லை. பார்க்க வேண்டியது ஆட்டமில்லாத சக்கும் ஒரே சீரான வேகமும். சில டஜன் கூட்டுக்கு பேட்டரி டிரில் போதும். மணிக்கணக்கில் வேலை என்றால் வயர் டிரில்லை வைஸில் பூட்டிவிடலாம். சீவிய பின் வாயின் உள்ளும் வெளியும் பிசிறு எடுத்தாக வேண்டும். ஆயிரக்கணக்கில் சீவுபவருக்கு அந்த மூன்று வேலையையும் ஒரே அழுத்தில் முடிக்கும் ஜிராட் போன்ற மேசை இயந்திரம் ஏற்றது. ஆனால் அந்த வசதிக்கு விலை அதிகம், அந்த இயந்திரத்துக்கு வேறு வேலையும் தெரியாது.

டிரில்லின் பலமே அங்கேதான். பல்லைக் குடைந்தவரோ தோட்டாவைச் சீவுபவரோ கருவி செய்தவரிடம் அனுமதி கேட்கவில்லை. ஜேக்கப்ஸின் மூன்று தாடைகள் எதைக் கவ்வுமோ அதுவே இந்தக் கருவியின் அடுத்த தொழில். அதைத் தீர்மானிப்பவர் விசையில் விரல் வைத்திருப்பவர்.