ஊர் இழந்த கவிஞர்கள்



சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1942 பிப்ரவரி 17 அன்று பல்லாயிரம் இந்தியப் போர்வீரர்களை ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் ஒப்படைத்தது அங்கேதான். பிறந்த ஊருக்கு எப்போது திரும்புவோம் என்ற ஏக்கம் அன்று அத்தனை பேர் நெஞ்சிலும் இருந்திருக்கும். அந்த ஏக்கத்தோடு வாழ்ந்த இரு கவிஞர்களைப் பற்றி இன்று பேசுவோம்.

முதலாமவர் இத்தாலியக் கவிஞர் லொரென்சோ ட பொன்டே. 1749-இல் பிறந்த இவரை 1779-இல் வெனிஸ் அரசு நாடு கடத்தியது. வியன்னா நகருக்குப் போய், மோட்சார்ட் இசையமைத்த மூன்று இசை நாடகங்களுக்குப் பாட்டும் உரையாடலும் எழுதினார். 1805-இல் அமெரிக்கா சென்று, மளிகைக் கடை வைத்துப் பிழைத்தார். பின்னர் இத்தாலிய மொழி கற்பித்தார். 1838-இல் நியூயார்க்கில் காலமானார்.

மற்றவர் நம் சுப்பிரமணிய பாரதியார். 1908-இல் 'இந்தியா' வார இதழின் பேரில் ஆங்கில அரசு வழக்குத் தொடுத்தது. சிறைக்குத் தப்பி, பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குச் சென்றார். அங்கே பத்தாண்டுகள் வாழ்ந்தார். எல்லை தாண்டினால் கைது, வீட்டைச் சுற்றி ஒற்றர்கள், வறுமை வேறு. ஆனாலும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் பிறந்தது அந்த ஊரில்தான்.

பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் அவர் தம் நோக்கத்தைச் சொல்கிறார். ஓரிரு ஆண்டு படித்தவருக்கும் புரியும் எளிய சொல்லும், மக்கள் விரும்பும் மெட்டும் கொண்டு காவியம் செய்ய வேண்டும் என்பதே அது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் குளிரும். நம்மையும் எண்ணித்தானே அவர் எழுதியிருக்கிறார்!

கடல் கடந்து போகாத அவர், ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வருந்திய நம் பெண்களுக்காகவும் பாடினார். 1879 முதல் 1916 வரை அத்தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு போகப்பட்ட இந்தியர் சுமார் 60,000 பேர். அவர்களில் தமிழரும் உண்டு. ஊரை விட்டு வந்தவர் துயரம் ஊரை விட்டு வந்தவருக்குத்தானே தெரியும்?

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதியாரைக் கடலூர் அருகே கைது செய்தார்கள். சில வாரங்களில் விடுதலையானார். 1921 செப்டம்பரில் சென்னையில் மறைந்தார். பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகம் 1912-இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அச்சானதை அவர் பார்க்கவில்லை. கையெழுத்துப் படி தப்பியதால் அது நமக்குக் கிடைத்தது.

பெற்றோர்களே, பிள்ளைகளே! மரம் சீவும்போதும் தாலாட்டும்போதும் நம் பாட்டிமார் பாடிய பாட்டுகளும் ஊர் இழந்தவர் பாட்டுகளே. அவற்றில் பல எந்த ஏட்டிலும் இல்லை. பாடுகிறவர் கண்ணை மூடினால் பாட்டும் போய்விடும். ஆகவே இன்று இரவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். பாட்டியைப் பாடச் சொல்லி, பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.